மந்தமான கணினியும் ஒரு பழைய நோயும்

வீட்டுக் கணினி மந்தமாகிவிட்டால் நம்மவர் முதலில் சொல்லும் காரணம் வைரஸ், அடுத்தது, 'பழையதாகிவிட்டது'. இரண்டும் சில வேளைகளில் உண்மைதான். ஆயினும் பல வீடுகளில் காணும் நோய் வேறு. அந்நோய் வீட்டுக் கணினி பிறப்பதற்கு முன்னரே கண்டறியப்பட்டது.

1962 டிசம்பர் 7ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அட்லஸ் என்னும் கணினி தொடக்கம் கண்டது. டாம் கில்பர்ன் தலைமையிலான குழுவும் ஃபெராண்டி நிறுவனமும் இணைந்து உருவாக்கிய பொறி அது. அக்காலத்தில் விரைவு நினைவகம் மிகுந்த விலையுடையது. ஆகவே அட்லசின் விரைவு நினைவகம் சிறியது. அதைப் போல் ஆறு மடங்கு கொள்ளளவுள்ள, ஆனால் மெதுவான, சுழலும் காந்த உருளையொன்று துணைக்கு வைக்கப்பட்டது. இரண்டையும் ஒரே நினைவகம்போல் நிரல்களுக்குக் காட்டியதே அக்குழுவின் அரிய சாதனை. வேண்டிய பக்கத்தைக் கணினியே உருளையிலிருந்து எடுத்து வந்தது. ஆசிரியரின் மேசையையும் அறைக்கோடியிலுள்ள அலமாரியையும் எண்ணிப் பாருங்கள். மேசையில் இல்லாத நூலை உதவியாளர் ஒருவர் ஓடிச்சென்று எடுத்து வருகிறார். இடம் போதாவிட்டால் மேசையிலுள்ள ஒன்றைத் திருப்பி வைக்கிறார்.

மேசை மிகச் சிறியதாகி, வேண்டிய நூல்கள் பலவானால்? உதவியாளர் ஓடிக்கொண்டே இருப்பார்; பாடம் நடவாது. இந்நிலைக்கு ஆங்கிலத்தில் 'த்ராஷிங்' என்று பெயர். இதன் காரணத்தை 1968இல் பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க ஆய்வாளர் தெளிவாக விளக்கினார். ஒவ்வொரு நிரலும் ஒரு நேரத்தில் உண்மையாகப் பயன்படுத்தும் பக்கங்கள் ஒரு தொகுதி. எல்லா நிரல்களின் தொகுதிகளும் நினைவகத்தில் அடங்காவிட்டால் சிலவற்றை நிறுத்தி வைப்பதே வழி என்றார்.

1990களில் விண்டோஸ் வழியாக இம்முறை இல்லங்களுக்கு வந்தது. நோயும் உடன் வந்தது. கூடவே போலி மருந்தும் வந்தது. 1995இல் வெளிவந்த சாஃப்ட்ராம்95 என்னும் மென்பொருள், நினைவகத்தை இரட்டிப்பாக்குவதாகக் கூறி இலட்சக்கணக்கில் விற்பனையானது. வல்லுநர்கள் பிரித்து ஆராய்ந்தபோது, விண்டோஸ் 95இல் அது அவ்வாறு எதையும் செய்யவில்லை என்பது வெளிப்பட்டது. 1996இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 'ஒரே சொடுக்கில் வேகம்' என்று இன்று திரையில் தோன்றும் விளம்பரங்கள் அதன் பேரப்பிள்ளைகள் என்பேன்.

வன்தட்டின் ஊசி ஓரிடம் சென்று தரவெடுக்க ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். நினைவகத்துக்கு அதில் இலட்சத்தில் ஒரு பங்கு போதும். மேசையிலிருந்து நூலெடுக்க ஒரு வினாடி என்றால், அலமாரிக்குச் சென்றுவர 27 மணி நேரத்திற்கு மேல்! அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. வட்டில் அதுவே ஏறத்தாழ 17 நிமிடமாகக் குறையும்.

2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், இல்லிருப்புக் கற்றலில் இக்கணக்கு பிள்ளைகளின் மீது விழுந்தது. காணொளி வகுப்பு, உலாவியில் பல பக்கங்கள், பயிற்சித்தாள் என ஒரே நேரத்தில் திறந்தால் சிறிய நினைவகம் தாங்காது. அழைத்தும் பதில் வராத மாணவரைக் கவனமற்றவர் என்று நாம் குறித்துக்கொண்டோம். கணினி திணறிய பிள்ளைகளும் அவர்களுள் இருந்திருப்பர்.

சோதிப்பது எளிது. கணினி திணறும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோசின் பணி மேலாளர் திறக்கும். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி, வட்டும் 100ஐ ஒட்டி நின்றால் பெரும்பாலும் டென்னிங் சொன்ன நோயே. மிகுதி இடம் பிடிக்கும் நிரல்களை மூடுங்கள். கணினியுடன் தானே தொடங்குபவற்றுள் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். நினைவகம் பாதி காலியாக இருந்தும் வட்டு மட்டும் 100இல் நின்றால், வட்டே பழுதடைந்து வரக்கூடும். அன்றே பிள்ளையின் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள்.

அதன் பின்னும் மந்தமெனில் நினைவகத்தைக் கூட்டலாம். சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் கூட்ட இயலாது. கடைக்காரரிடம் பணம் கொடுக்குமுன் இதனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.