பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு: படுக்கையை விட்டு எழுந்த கதை

இந்த எபிசோட்ல ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியேதான் நமக்கு வேலை. கர்ப்பப்பை எடுத்த பிறகு வர்ற நாட்களோட வரலாறுதான் இன்னைக்குப் பேச்சு.

நம்ம வீடுகள்ல இதுக்குத் தனிப் பேரே உண்டு: "பெரிய ஆபரேஷன்". அப்படிச் சொன்னாலே எல்லாருக்கும் புரிஞ்சிடும். ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமோ மறுநாள் காலையிலோ நர்ஸ் வந்து, "எழுந்து நாலு அடி நடங்கம்மா"ன்னு சொல்வாங்க. வீட்டுக்கு வந்தா மாமியாரோ பெரியம்மாவோ, "பச்சை உடம்பு, மூணு மாசம் அசையக்கூடாது"ன்னு சொல்வாங்க. நடுவுல மாட்டிக்கிட்ட பெண்ணுக்கு யார் சொல்றதைக் கேட்கறதுன்னு தெரியாது. ரெண்டு பேருமே அக்கறையில்தான் சொல்றாங்க. ஆனா அந்த ரெண்டு அறிவுரையும் ரெண்டு வேறு வேறு நூற்றாண்டுகளிலிருந்து வருது. எப்படின்னு பார்க்கலாம்.

பிழைச்சதே அதிசயமா இருந்த காலம்

முதல்ல அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போவோம். வருஷம் 1809, டிசம்பர் மாசம். ஜேன் டாட் க்ராஃபோர்ட் என்ற பெண்ணுக்கு வயிறு பெரிசாகிக்கிட்டே போச்சு. சுத்தி இருந்தவங்க கர்ப்பம்னு நினைச்சாங்க. பார்க்க வந்த டாக்டர் எஃப்ரைம் மெக்டவல், இது சினைப்பைக் கட்டின்னு கண்டுபிடிச்சார். அந்த அம்மா சுமார் 60 மைல் குதிரையில் பயணம் செஞ்சு, டான்வில் ஊர்ல இருந்த டாக்டர் வீட்டுக்கே வந்தாங்க. மயக்க மருந்து கிடையாது. கிருமியாலதான் புண்ணுல சீழ் பிடிக்குதுன்னு டாக்டருங்களுக்குத் தெரியாது. பத்து கிலோ அளவுள்ள கட்டியை அரை மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டார்.

இது கர்ப்பப்பை ஆபரேஷன் இல்லை, சினைப்பை ஆபரேஷன். ஆனாலும் நம்ம கதை இங்கேதான் தொடங்குது. ஏன்னா அஞ்சு நாள் கழிச்சு மெக்டவல் போய்ப் பார்த்தப்போ, அந்த அம்மா எழுந்து நின்னு தன்னோட படுக்கையைத் தானே சரிசெஞ்சுக்கிட்டு இருந்தாங்க! டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனார். 25 நாள்ல அந்த அம்மா வந்த மாதிரியே ஊர் திரும்பினாங்க. அதுக்கப்புறம் 32 வருஷம் வாழ்ந்தாங்க.

வயித்தைத் திறந்த பிறகும் ஒரு பெண் அஞ்சாம் நாள் எழுந்து நிக்க முடியும்ங்கறதுக்கு அத்தாட்சி 1809லயே இருந்தது. ஆனா யாரும் அதைப் பாடமா எடுத்துக்கலை. தப்பிப் பிழைச்ச ஒரு அபூர்வம்னுதான் பார்த்தாங்க.

அப்படிப் பார்த்ததுக்கு நியாயமும் இருந்தது. 1843ல இங்கிலாந்தின் மான்செஸ்டர்ல சார்லஸ் க்ளே வயித்து வழியா கர்ப்பப்பையை எடுத்தார். அந்தப் பெண் ரத்தப்போக்குல இறந்துட்டாங்க. அடுத்த வருஷம் செஞ்ச இன்னொரு ஆபரேஷன்ல நோயாளி ரெண்டு வாரம் தேறி வந்தாங்க. அப்புறம் படுக்கை மாத்தும்போது கீழே தவற விட்டுட்டாங்கன்னும், அதனாலதான் இறந்தாங்கன்னும் மருத்துவ வரலாறு எழுதுறவங்க சொல்றாங்க. வயித்து வழியா கர்ப்பப்பையை எடுத்து நோயாளி உயிரோட தேறி வந்தது 1853லதான், அமெரிக்காவின் லோவல் நகரத்துல.

இந்தச் சூழல்ல ஒரு டாக்டர் நோயாளிகிட்ட என்ன சொல்வார்? "அசையாதே"ன்னுதான் சொல்வார். அசைஞ்சா தையல் பிரியலாம், ரத்தம் வரலாம், குடல் இறங்கலாம். 1846ல மயக்க மருந்து வந்தது. 1867ல ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். இதனால ஆபரேஷன் கொஞ்சம் கொஞ்சமா பாதுகாப்பாச்சு. ஆனா அதுக்குப் பிறகான விதிகள் மாறவே இல்லை. ரெண்டு மூணு வாரம் மல்லாந்து படுக்கை, கஞ்சித் தண்ணி, புரண்டு படுக்கக்கூட நர்ஸ் உதவி. பயத்துல போட்ட விதிங்க, பயம் போன பிறகும் அப்படியே நின்னுடுச்சு.

படுக்கையே நோயான கதை

இதுல ஒரு கொடுமை என்னன்னா, தையல் நல்லா ஆறி, காய்ச்சலும் இல்லாம, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு இருந்த நோயாளிங்க சிலர் முதல் முறையா எழுந்து நின்னதும் சுருண்டு விழுந்து இறந்தாங்க. எழுந்ததுனாலதான் இறந்தாங்கன்னு பலர் நினைச்சாங்க. அதனால இன்னும் நாலு நாள் கூடுதலா படுக்க வைச்சாங்க.

உண்மைக் காரணத்தின் நுனியை ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ச்சோ 1856க்குள்ளேயே பிடிச்சுட்டார். காலின் ரத்தக்குழாய்ல உறையுற கட்டி பிய்ஞ்சு, இதயம் வழியா நுரையீரலுக்குப் போய் அடைச்சுக்குதுன்னு காட்டினார். நம்ம கெண்டைக்கால் தசை ஒரு பம்ப் மாதிரி. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலயும் ரத்தத்தை மேலே தள்ளும். வாரக்கணக்கா படுத்திருந்தா அந்தப் பம்ப் நின்னு போகும், ரத்தம் தேங்கும், உறையும். இடுப்புக்குள்ள செய்யுற ஆபரேஷன்ல இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதாவது, காப்பாத்தறதுக்காகக் கொடுத்த படுக்கையே உயிரை எடுத்துச்சு.

1899ல சிகாகோவில் எமில் ரீஸ் என்ற பெண்நோய் மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். ஆபரேஷன் ஆன ஓரிரு நாள்லயே என் நோயாளிகளை எழுப்பி விடறேன், சீக்கிரமே சாப்பாடு தர்றேன், ஒரு வாரத்துக்குள்ள வீட்டுக்கு அனுப்பறேன், நல்லாத்தான் இருக்காங்கன்னு சொன்னார். இதைச் சொன்னது ஒரு பெண்நோய் மருத்துவர்ங்கறதைக் கவனிங்க. ஆனா அடுத்த நாற்பது வருஷம் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் அவர் பேச்சைக் காதுல வாங்கலை.

மாத்தினது இரண்டாம் உலகப்போர்தான். கட்டில் பத்தலை, நர்ஸுங்க பத்தலை. அதே சமயத்துல டெட்ராய்ட்ல டேனியல் லீட்ஹவுசர் என்ற சர்ஜன், முதல் நாளே நோயாளிகளை எழுப்பி நடக்க வைக்கலாம்னு 1941லிருந்து எழுதிக்கிட்டு வந்தார். 1946ல இதைப் பத்தித் தனிப் புத்தகமே போட்டார். 1947ல லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையில் கிடக்கறதோட ஆபத்துகள்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை எழுதினார். தலையிலிருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் படுக்கை என்ன கெடுதல் செய்யுதுன்னு கிண்டலும் கோபமுமா பட்டியல் போட்டார். ரீஸ் சொன்னது கடைசியில் ஜெயிச்சுது.

1988ல அமெரிக்காவில் ஹாரி ரைக், லேப்ராஸ்கோப் வழியா கர்ப்பப்பையை எடுத்துக் காட்டினார். 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட், ஆபரேஷனுக்கு முந்தைய பட்டினியைக் குறைச்சு, வலியைச் சரியா அடக்கி, சீக்கிரம் சாப்பிட வைச்சு, சீக்கிரம் நடக்க வைக்கிற முறையை ஒழுங்கா வகுத்தார். இன்னைக்கு நர்ஸ் வந்து "எழுந்து நடங்கம்மா"ன்னு சொல்றதுக்குப் பின்னால இந்த நூறு வருஷம் நிக்குது.

அப்போ பெரியம்மா சொன்னது தப்பா?

முழுசா தப்பில்லை. இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். ரீஸும் லீட்ஹவுசரும் "எழுந்து நட"ன்னுதான் சொன்னாங்க. "எழுந்து வேலை செய்"ன்னு சொல்லலை.

வெளித்தோல் பத்து நாள்ல ஒட்டிடும். உள்ளே இருக்கிற தையல் அப்படி இல்லை. வயித்துச் சுவரும், கர்ப்பப்பை இருந்த இடத்துல யோனியின் மேல்முனையில் போட்ட தையலும் வலுப்பெற வாரக்கணக்கா ஆகும். அதனாலதான் வயித்தைத் திறந்து செஞ்சா ஆறு முதல் எட்டு வாரம்னு சொல்றாங்க. லேப்ராஸ்கோப்லயோ கீழ் வழியாவோ செஞ்சா கொஞ்சம் சீக்கிரம் தேறலாம். ஆனா வெளியே சின்னத் தழும்புதானேன்னு நினைச்சு மறுவாரமே தண்ணிக் குடம் தூக்கக்கூடாது. உள்ளே ஆற வேண்டிய தையல் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

அந்த வாரங்கள்ல என்ன எதிர்பார்க்கலாம்? வயித்துல வாயு பிடிச்சு உப்புசம் இருக்கும். நடக்க நடக்கக் குறையும். லேப்ராஸ்கோப் ஆபரேஷனா இருந்தா தோள்பட்டை வலிக்கும். வயித்துக்குள்ள செலுத்தின வாயுதான் காரணம், ஓரிரு நாள்ல போயிடும். சில வாரம் லேசான ரத்தக்கசிவோ பழுப்பு நிறக் கசிவோ இருக்கலாம். மலச்சிக்கலை விடக்கூடாது; முக்கினா உள் தையல் இழுபடும். சோர்வு நினைச்சதை விட நீளமா இருக்கும். காலையில் நல்லா இருந்து மத்தியானம் அப்படியே சாய்ஞ்சிடத் தோணும். அது சோம்பேறித்தனம் இல்லை. தாம்பத்தியத்துக்குக் குறைஞ்சது ஆறு வாரம் பொறுத்து, டாக்டர் பார்த்த பிறகுன்னு வைச்சுக்கறது நல்லது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: காய்ச்சல், பெரும் ரத்தப்போக்கு, கெட்ட வாடையோட கசிவு, சிறுநீர் போக முடியாம இருக்கறது இல்லைன்னா அடக்க முடியாம ஒழுகறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கறது, திடீர் மூச்சுத்திணறல். கடைசி ரெண்டும் விர்ச்சோ காட்டின அதே ரத்தக்கட்டியா இருக்கலாம்.

இன்னொண்ணு. கர்ப்பப்பையோட சினைப்பைகளையும் எடுத்தாங்களான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும். ரெண்டையும் எடுத்திருந்தா, முப்பத்தஞ்சு வயசா இருந்தாலும் மாதவிடாய் முடிவு உடனே வந்துடும்: உடம்பு தகிக்கும், தூக்கம் கெடும், பின்னால எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். ஹார்மோன் மாத்திரை தேவையான்னு டாக்டர்கிட்ட பேசியே ஆகணும்.

ஓய்வு யாருக்குக் கிடைக்குது?

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். 2019ல மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்துலேருந்து ஒரு செய்தி வந்தது. கரும்பு வெட்டப் போற பெண்கள்ல ஏராளமானவங்க சின்ன வயசுலயே கர்ப்பப்பையை எடுத்திருந்தாங்க. மாநில அரசு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள்கிட்ட கணக்கெடுத்தப்போ, 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க எடுத்திருந்தது தெரிஞ்சுது. அங்கே கணவன் மனைவி ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே அரிவாள்னு கணக்கு. முன்பணம் வாங்கியாச்சு, ஒரு நாள் வரலைன்னா அபராதம். மாதவிடாய் வலிக்குக்கூட லீவு கிடையாது. அப்படிப்பட்ட இடத்துல ஆறு வார ஓய்வு எங்கே கிடைக்கும்?

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான்ல தேவையில்லாம கர்ப்பப்பை எடுக்கப்பட்டதுன்னு 2013ல தொடுத்த வழக்குல, 2023 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூணு மாசத்துக்குள்ள ஏத்துக்கணும்னு உத்தரவு போட்டது. ஆபரேஷன் அவசியமாங்கற கேள்விக்கு அது ஒரு பதில். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பெண்ணோட வேலையை யார் செய்யுறதுங்கற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

வயல்ல மட்டும் இல்லை, வீட்டுலயும் இதேதான். "டாக்டரே நடக்கச் சொல்லிட்டாரே"ன்னு அடுப்படிக்கு அனுப்பற வீடுகள் உண்டு. டாக்டர் சொன்ன நடை, வராந்தாவுல கைவீசி நடக்கற நடை. ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறுறது அந்த நடை இல்லை. பெரியம்மாவோட "மூணு மாசம் அசையாதே"ங்கறதுல மருத்துவம் பழசுதான். ஆனா அதுக்குள்ள, இவளை வேலை வாங்காதீங்கன்னு வீட்டுக்கே சொல்ற ஒரு அதட்டலும் இருந்தது. நர்ஸ் பேச்சைக் கேட்டுப் பெண் நடக்கட்டும். பெரியம்மா பேச்சைக் கேட்டு வீட்டுல இருக்கற மத்தவங்க குடத்தைத் தூக்கட்டும்.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன் நடக்கப்போகுதுன்னா, தேதி குறிக்கும்போதே ஒரு தாள் எடுத்து எழுதுங்க: அடுத்த ஆறு வாரம் தண்ணி யார் பிடிக்கறது, துணி யார் துவைக்கறது, குழந்தையை யார் தூக்கறது. பேர் போட்டு எழுதி, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி சுவத்துல ஒட்டிடுங்க.