புள்ளிக்கோடு

எங்கள் தருமபுரிதான் பழைய தகடூர். ஆசிரியராக இருந்தபோது வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தேன். ஒரு பக்கம் அசோகர் கல்வெட்டில் வரும் ‘சதியபுதோ’, மறுபக்கம் சங்கப் பாடல்களின் அதியமான். நடுவே பென்சிலில் புள்ளிக்கோடு. அப்போது அது அறிஞர் சிலரின் ஊகம்தான்.

1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. இரண்டு பெயரும் ஒரே ஆளுக்கு! அன்றே கோட்டின்மேல் மை போட்டேன்.

2006-இல் டிம் பெர்னர்ஸ் லீ சொன்ன ‘இணைந்த தரவு’ம் ஏறக்குறைய இதுதான்: பொருளுக்கொரு முகவரி, இரண்டுக்கும் நடுவே உறவின் பெயர். 2012-இல் தொடங்கிய விக்கித்தரவில் அது வலைப்படமாகவே விரிவதைப் பேத்தி காட்டினாள். அழகுதான். ஆனால் எல்லாக் கோடும் ஒரே மாதிரி.

“ஊகம் எது, கல் சொன்னது எதும்மா?”

“சான்றெல்லாம் உள்பக்கத்துல இருக்கும் தாத்தா.”

என் புள்ளிக்கோட்டை மட்டும் படத்தில் காணோம்.