கலங்கலில் பிறக்கும் ஆறு

அடையாறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் குறைந்தது மூன்று பதில்கள் கிடைக்கும். கூடுவாஞ்சேரிக்கு வடமேற்கே இருக்கும் ஆதனூர் ஏரி என்பார்கள் சிலர். மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரி என்பார்கள் வேறு சிலர். நகரத்துக்காரர்கள் யோசிக்காமல் செம்பரம்பாக்கம் என்று சொல்லிவிடுவார்கள். மூன்றையுமே அச்சில் பார்த்திருக்கிறேன். மொத்தமே சுமார் 42 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. இதற்குப் போய் ஏன் இத்தனை குழப்பம் என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. வேலை முடிந்த இரவுகளில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்துவைத்து, கடலிலிருந்து பின்னோக்கி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போவேன். திருநீர்மலை வரை ஆறு ஆறாகத் தெரியும். அதற்கு மேல் கிளைகிளையாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் ஓர் ஏரிக்கரையில் போய் முட்டும். அந்த ஏரிக்கு மேலே இன்னோர் ஏரி. அதற்கும் மேலே இன்னொன்று.

மூன்று பதிலுமே பாதி சரி. காவிரிக்கு ஒரு தலைக்காவிரி உண்டு, அடையாற்றுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஏறத்தாழ இருநூறு ஏரி குளங்களின் மிச்சம்தான் இந்த ஆறு.

மிச்சம் என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. மதகைத் திறந்தால் வயலுக்குப் போகும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும். கலங்கலின் உயரத்தை எங்கோ ஒரு பழைய கொத்தனார் முடிவு செய்திருப்பார். அதற்கு மேல் ஏறும் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குச் சொந்தம். மேல் ஏரி நிரம்பினால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. இப்படி வரிசையாக நிரம்பி, கடைசி ஏரிகளும் வழியும்போது தாழ்ந்த நிலத்தில் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஓடுவதற்குப் பெயர்தான் அடையாறு. வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷங்களில் மேல்பகுதியில் ஆறே பிறக்காது.

தாம்பரத்தில் நிலம் இரண்டாகச் சாய்கிறது. ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் தண்டவாளத்தையும் ஏறக்குறைய முகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே விழும் மழை முடிச்சூர் பக்கம் போய் அடையாற்றில் சேரும். கிழக்கே விழுவது சேலையூர், செம்பாக்கம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போய், ஒக்கியம் மடுவைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில் கடலைப் பார்க்கும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெய்கிற ஒரே மழைக்கு இரண்டு முகத்துவாரம்.

இந்த ஏரி வரிசை இயற்கை கொடுத்ததல்ல, மனிதர்கள் கட்டியது. கட்டியதை யாராவது காக்கவும் வேண்டும். மணிமங்கலத்தின் பெயர் பல்லவர்களின் கூரம் செப்பேட்டில் வருகிறது, நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாக. போரைப் பள்ளிப் புத்தகம் நினைவு வைத்திருக்கிறது, அந்த ஊர் ஏரியைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏரியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு இதே தொண்டைமண்டலத்தில் உத்திரமேரூர் சாட்சி இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் அங்கே ஏரிவாரியம் என்றே ஒரு குழுவைச் சொல்கின்றன. குடவோலை முறையை ஜனநாயகம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் செய்த வேலைகளில் ஒன்று ஏரி பராமரிப்பு என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

எண்ணூறு வருஷம் தாண்டி வருவோம். 1763இல் செங்கல்பட்டுப் பகுதி ஆற்காடு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்தார். ஏரி எத்தனை, நஞ்சை எவ்வளவு, வீடு எத்தனை, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதினார்கள். ஓலைச்சுவடிகளிலும் அந்தக் கணக்குகள் இருக்கின்றன. என் தொழிலில் இதை டேட்டாபேஸ் என்போம். நான் பார்த்த பல டேட்டாபேஸ்களைவிட இது ஒழுங்கு. களத்துமேட்டில் நெல்லைப் பிரிக்கும்போதே கோயில், கணக்கர், தச்சர், வெட்டியான் பங்குகளோடு ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது.

எனக்கு இந்த விவரம்தான் முக்கியம். ஏரியைக் காத்தது பக்தியோ பண்பாடோ மட்டுமல்ல, அது நெல்லில் எழுதப்பட்ட ஒரு செலவுக் கணக்கு. அதை இலட்சிய கிராமம் என்று நான் கொண்டாடவில்லை. கரைக்கு மண் சுமந்தவர்களில் பலருக்கு அந்த வயலில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஆனாலும் கணக்கு நடந்தது. கம்பெனி விளைச்சலின் பெரும்பங்கை வரியாக எடுக்க எடுக்க, ஏரியின் பங்கு மெலிந்தது. 1858இல் குடிமராமத்துக்கு ஆள் வராவிட்டால் தண்டிக்க ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். தானாக நடந்த வேலைக்குச் சட்டம் தேவைப்படுகிறது என்றால் அதற்குள் என்னவோ உடைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். 1883இல் ஏரி மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. பொறியாளர்கள் கரையையும் கலங்கலையும் மறுபடி அளந்தார்கள்.

அதே ஜாகீரில், தாம்பரத்துக்குத் தெற்கே, இன்றுவரை பிழைத்திருக்கும் ஏரி வேடந்தாங்கல். பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட்டதாகவும், 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்புக்குக் கௌல் எழுதிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். ஊராருக்கு அதில் சுயநலம் இருந்தது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஏரியை மட்டும் வேலி போட்டால் போதாது என்பதும் அங்கே தெரிந்திருந்தது. சரணாலயத்தின் எல்லை 1998இல் சுற்றிலும் 5 கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது. 2020இல் அதை 3 ஆகக் குறைக்கப் பார்த்தபோது எதிர்ப்பு கிளம்பியதே அதனால்தான்.

அடையாற்றின் தலைப்பகுதிக்கு அப்படி ஒரு கௌல் கிடைக்கவில்லை. 1931இல் மின்சார ரயில் தாம்பரத்தைத் தொட்டது. பிறகு மனைகள் வந்தன, வயல் போனது. வயல் போனதும் மதகுக்கு வேலையில்லை. மதகுக்கு வேலையில்லாத ஏரிக்கு ஆயக்கட்டுதாரர் என்று சண்டை போட ஒருத்தரும் இல்லை. கலங்கல் மட்டும் தன் வேலையை விடவில்லை. மழை பெய்தால் அது வழியத்தான் செய்யும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது பற்றித்தான் பல வருஷங்களாகப் பேசுகிறோம். சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அந்த விவாதம் பொருந்தும். ஆனால் செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே நவம்பர் நடுவிலேயே படகு ஓடியது. அவர்களை முக்கியமாக மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம், படப்பை பக்கத்து ஏரிகளின் கலங்கல் தண்ணீர். அதற்கு ஷட்டர் கிடையாது, திறக்கச் சொல்லிக் கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் கிடையாது. குற்றம் சாட்ட ஆள் இல்லாததாலோ என்னவோ, அந்த வெள்ளத்தைப் பற்றி விவாதமும் பெரிதாக நடக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அதே தெருக்கள் மறுபடி முழுகின.

திருநீர்மலைக்கு அந்தப் பெயர் வந்த கதையை நினைத்துப் பார்க்கலாம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம், வடியும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தாராம். தலபுராணம்தான். ஆனால் அந்த மண்ணில் தண்ணீர் நிற்கும் என்பது ஆயிரம் வருஷமாக ஊர்ப்பெயராகவே எழுதியிருக்கிறது.

பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குள் ஓட்டேரி ஏரி வேலிக்குள் இருக்கிறது. பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தலமானது. ஆறு கடலில் சேரும் இடத்தில் பிரம்மஞான சபையின் மரங்கள், தொல்காப்பியப் பூங்கா. ஏரிகளை மீட்க 2007இல் தனிச் சட்டமும் வந்தது. நிரல் எழுதுகிறவனாக இதை கிராஃப் என்று பார்க்கிறேன். கணுக்களில் சிலவற்றைக் காப்பாற்றிவிட்டோம், அவற்றை இணைக்கும் கோடுகளை அழிக்கிறோம். கணுவுக்குப் படகு சவாரியும் நடைபாதையும் போடலாம், திறப்பு விழா வைக்கலாம். வரத்துக் கால்வாய்க்கு என்ன விழா வைப்பது?

சில வருஷங்களுக்கு முன் மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி நான் மனை தேடினேன். அழைத்துப்போன தரகர், "தண்ணி நிக்கவே நிக்காது சார், வந்தா ஓடிடும்" என்றார். பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து புல வரைபடத்தைத் தரவிறக்கிப் பார்த்தேன். பக்கத்துப் புல எண் வாய்க்கால் புறம்போக்கு. படத்தில் அது ஏரியிலிருந்து வளைந்து வருகிறது. தரையில் அந்த இடத்தில் இருபதடி சிமென்ட் சாலை. வாங்க வேண்டாம் என்றதும் அப்பா, "வேற யாராவது வாங்கிடுவாங்கடா" என்றார். அடுத்த தையில் அங்கே கிரகப்பிரவேசம் நடந்தது. தெருமுனை வரை வாழைமரம் கட்டியிருந்தார்கள்.