பொன்முடியும் பல்வேரும்

சிதைவுற்ற பல்லைச் செதுக்கிச் சீராக்கி, அதனை முழுமையாக மூடும் உறையொன்றைப் பொருத்துவதையே பல்முடி அணிவித்தல் என்பர். எஞ்சிய பல் பிளவுறாது காத்து, மெல்லும் ஆற்றலை மீட்டளிப்பதே அதன் பணியாகும். எனினும், வரலாற்றில் இம்முடி காப்பாக மட்டுமன்றி மறைப்பாகவும் விளங்கியமை நோக்கற்பாலது.

கி. மு. ஏழாம் நூற்றாண்டளவில் இத்தாலியின் எத்துருசுக்கர் பற்களைப் பொற்பட்டிகளாற் பிணைத்தனர். அவற்றை அணிந்தோர் பெரும்பாலும் உயர்குடிப் பெண்களே என ஆய்வாளர் சிலர் கருதுவர். அவ்வாறாயின், அங்கு மருத்துவத்தினும் அணிகலனே மேலோங்கியது எனலாம். 1746இல் பொன்னுறையை விவரித்த பிரெஞ்சுப் பல்வைத்தியர் குளோட் மூட்டோன், அதன்மேல் வெண்பூச்சு இடலாம் என்றுங் கூறினார். பொன்னும் வேண்டும், அது பொன்னெனத் தெரியவுங் கூடாது!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவிற் பொன்முடிகள் பெருகின. அழுகிய வேரைத் துப்புரவாக்காமலே, தகட்டில் அடித்தெடுத்த உறையை அதன்மேல் மாட்டிவிடும் வழக்கமும் உடன் பரவிற்று. ஓரம் பொருந்தாத இடுக்குகளில் உணவுத்துணிக்கைகள் தங்கின; உள்ளே சீழ் கட்டியது. வெளியே பொன் மின்னியது. 1910இல் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், இத்தகைய முடிகளை அழுகலின்மேல் எழுப்பப்பட்ட பொற்கல்லறைகளாகவே கண்டார்.

அவர் சுட்டிய குறை மெய்யானது. அதையொட்டி எழுந்த பரிகாரமோ விபரீதமானது. வாய்த்தொற்றே மூட்டுவாதம் முதலிய நோய்களுக்கு மூலமென நம்பிய மருத்துவர்கள், காப்பாற்றத்தக்க பற்களையும் பிடுங்குவித்தனர். 1930களில் ஆய்வுகள் இக்கொள்கையை ஐயுறத் தொடங்கும்வரை இந்நிலை நீடித்தது. முடியைச் சாடிய கண்டனத்துக்குப் பற்களே பலியாயின.

முடிக்கு மறுவாழ்வளித்தவை இரண்டு. ஒன்று, 1907இல் வில்லியம் தகார்ட் பல்வைத்தியத்திற் பரவச் செய்த மெழுகு வார்ப்பு. மெழுகுருவைச் சுற்றி அச்சமைத்து, மெழுகை உருக்கியகற்றி, அவ்விடத்திற் பொன்னை ஊற்றுவதால் ஓரம் நெருங்கிப் பொருந்தியது. சோழர்காலச் செப்புத் திருமேனிகளை வார்த்த சிற்பிகளுக்கு இம்முறை புதிதன்று. மற்றையது, 1895இல் றொண்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிர். உலோகத்தின்மீது பீங்கானைச் சுட்டுப் பிணைக்கும் முடிகள் 1960களிற் பரவின. பின்னர் சேர்க்கோனியாவும் வந்தது. உறை எதுவாயினும், முடி அணிவிக்குமுன் வைத்தியர் எக்ஸ் கதிர்ப் படத்தில் வேரையே முதலில் நோக்குகின்றார்.