எருக்குழியும் இந்தூரும்

ராயகிரியில் எங்கள் வீட்டுப் புறவாசல் எருக்குழியில் பழத்தோலும் காய்கறிக் கழிவும் சாணமும் சாம்பலும் சேர்ந்தே விழும். இதற்கு ‘இந்தூர் முறை’ என்று பெயர் சூட்டியிருப்பதை நூலொன்றில் கண்டபோது சற்றுக் கோபமே வந்தது. ஏரினும் எருவை மேலாக வைத்தவர் வள்ளுவர் அல்லவா!

1905இல் பூசாவுக்கு வந்த தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றினார். செடிகொடிக் கழிவு, சாணம், மூத்திரம் ஊறிய தொழுமண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காத்து, காற்றுப் புகக் கிளறி, ஏறத்தாழ மூன்று மாதத்தில் மக்கவைத்தார். 1931இல் யஷ்வந்த் வாடுடன் இணைந்து அதை நூலாக்கினார். இந்திய உழவரிடம் கற்றதை அவர் மறைத்ததில்லை.

எங்கள் குழியை யாரும் கிளறியதில்லை. எருவாக ஓராண்டு செல்லும். என் கோபம் அங்கே தணிந்தது. வீட்டை விரித்துக் கட்டியபோது அக்குழியை மூடிச் சிமெண்டுத் தளம் போட்டவனும் நானே.