ஓட்டுநர் சட்டைக்குள் ஓடிய குளிர்நீர்

பரிசளிப்பு விழா மலரில் பந்தயக் காடிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பத்து காவானில் கித்தாக் காட்டில் பால் வெட்டியவர்களுக்கும், செம்பனைக் குலை சுமந்தவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த சங்கதிதான் இது. வெயில்!

விடியுமுன்னே பெரட்டுக்கு ஓடினோமே, எதற்கு? காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். மரத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. அதில் மனுசன் உடம்புக்கும் கொஞ்சம் நிழல் கிடைத்தது, அவ்வளவுதான். பந்தய ஓட்டுநருக்கு அதுவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் கொதிக்கும் இயந்திரம், முன்னால் கண்ணாடி, உடம்பிலே தீப்பிடிக்காத தடித்த உடுப்பு. மூடிய காடிக்குள் 50 பாகையைத் தாண்டுவதும் உண்டு.

வியர்வை வந்தால் உடம்பு குளிர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அது காய்ந்தால்தான் குளிரும். அந்த உடுப்புக்குள் எங்கே காய்வது? அதிலும் நம் நாட்டு ஈரக் காற்றில்! ஒரே பந்தயத்தில் 2, 3 கிலோ எடை வியர்வையாகவே போய்விடும். இரத்தம் தோலுக்கு ஓடி ஓடி இதயம் களைக்கும். பிறகு புத்தி மந்தமாகும். மணிக்கு 250 கிலோமீட்டரில் போகிறவனுக்குப் புத்தி மந்தமானால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்பெல்லாம் இதைத் தாங்குவதுதான் வீரம் என்று இருந்தார்கள். 1955 ஜனவரியில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் கடும் வெயிலில் ஒரு பந்தயம் நடந்தது. அந்நாட்டு வீரர் ஃபாங்கியோ 3 மணி நேரம் தனியாளாக ஓட்டி வென்றார். இரண்டாவதாக வந்த காடியை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டினார்கள்! ஃபாங்கியோவைத் தவிர, கடைசி வரை ஆள் மாறாமல் ஓட்டியவர் இன்னும் ஒரே ஒருவர்தான். ஊரே ஃபாங்கியோவைப் புகழ்ந்தது. வெயிலுக்கு என்ன செய்யலாம் என்று யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசித்தவர்கள் விமானக்காரர்கள். 1962 வாக்கில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில், மெல்லிய குழாய்களை உள்ளாடையில் கோத்து, அவற்றில் குளிர்ந்த நீரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 1969-இல் நிலவில் நடந்தவர்கள் விண்வெளி உடுப்புக்குள் அணிந்திருந்ததும் இந்த வகைச் சட்டைதான். பிறகுதான் அது பந்தயத் திடலுக்கு வந்தது. ஒரு பெட்டியில் ஐஸும் தண்ணியும், ஒரு சிறு பம்பு, ஓட்டுநர் மார்பைச் சுற்றிக் குழாய். நம் பாட்டி ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் பம்பு நின்றால் வினை! குழாயில் நிற்கும் தண்ணி சூடாகி, மேலும் ஒரு கம்பளியாகிவிடும். குடிக்க வைத்த தண்ணியும் கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி போல ஆகிவிடுமாம்.

நம் நாட்டிலும் நெடுந்தூரப் பந்தயம் நடந்திருக்கிறது. 1985 டிசம்பர் முதல் தேதி ஷா ஆலமில் 800 கிலோமீட்டர் உலகப் போட்டி. ஜாக்கி இக்ஸும் யோகன் மாஸும் ஒரே போர்ஷே காடியை முறை வைத்து ஓட்டி வென்றார்கள். ஆள் மாற்றுவதும் ஒரு குளிர்ச்சிதானே! பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் போட்டியில் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். எந்த 6 மணி நேரத்திலும் ஒருவர் 4 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது.

ஆனாலும் குறுகிய பந்தயக்காரர்கள் கண் திறக்க 2023 ஆக வேண்டியிருந்தது. அந்த அக்டோபரில் கட்டாரில் இரவுப் பந்தயம்தான், இருந்தும் புழுக்கம். ஒருவர் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார், ஒருவர் முடியாமல் பாதியில் இறங்கினார். அதன் பிறகே விதி வந்தது. வெப்பக் குறியீடு 31 பாகையைத் தாண்டும் என்று தெரிந்தால், காடியில் குளிர்விக்கும் கருவி இருந்தே ஆக வேண்டும். அந்த அறிவிப்பு முதன்முதலில் வந்தது 2025 அக்டோபரில், பக்கத்துச் சிங்கப்பூரில். அந்த ஆண்டு, சட்டையை மாட்டுவதும் மாட்டாததும் ஓட்டுநர் விருப்பம் என்று விட்டார்கள். வேண்டாம் என்றவர் காடியில், அதற்கு ஈடாக அரைக் கிலோ எடையை ஏற்றிக்கொண்டுதான் ஓட வேண்டும்.