தீர்த்தல் (சட்டச் சொல்)

தீர்த்தல் என்பது முடித்தல், ஒழித்தல், முடிவு செய்தல் ஆகிய பொருள்களைத் தரும் பழந்தமிழ் வினைச்சொல் ஆகும். தொல்காப்பிய உரியியல் இதற்கு விடுதல் என்று பொருள் கூறுகின்றது. வழக்கை முடிவு செய்தலையும் கடனைச் செலுத்தி முடித்தலையும் இச்சொல் குறிக்கும்.

கிளைச் சொற்கள்

தீர்ப்பு: நீதிமன்றத்தின் முடிவு.
தீர்வை: அரசு விதிக்கும் வரி. நிலத்தீர்வை, சுங்கத்தீர்வை, ஆயத்தீர்வை என்பன இதன் வகைகள்.

நிலப் பதிவேடுகளில்

குன்னூர் உள்ளிட்ட தமிழ்நாட்டு வட்டங்களின் வருவாய்த்துறை வழக்கில், நிலவரி குறிக்கப்பட்ட அரசுத் தரிசு நிலம் "தீர்வை ஏற்பட்ட தரிசு" எனவும், குறிக்கப்படாதது "தீர்வை ஏற்படாத தரிசு" எனவும் வழங்கும். இவை இரண்டும் அரசு நிலங்களே. எனவே தீர்வை ஏற்பட்டது என்பதனால் மட்டும் அந்நிலத்தில் பயிரிடுவோருக்கு உரிமை உண்டாவதில்லை. அரசின் ஒப்படைப்பு ஆணை தேவை.